ஒன்பது பவுண்டும் ஒரு கோணல் முள்ளும்

கேன் ஃபோர்க் ஏரி, அலபாமா
ஜனவரி 6, 2009

மச்சான் லமாருக்கு,

போனில் பேசினால் நீ வைத்துவிடுகிறாய். நீ வைக்காவிட்டால் நான் வைத்துவிடுகிறேன். "நீங்க ரெண்டு பேரும் கத்துற கத்துல நாய் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது. இனிமே பேசணும்னா கடுதாசி எழுதித் தொலைங்க" என்று உன் தங்கச்சி நடீன் சொல்லிவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இத்துடன் டாக்வுட் ஜோடி மீன்பிடிப் போட்டி விண்ணப்பம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கீழே உன் கோட்டில் நீ போட வேண்டும். ஒரே தாளில் இரண்டு பேரும் மையால் போட்டிருக்க வேண்டும், மார்ச் 15க்குள் தூண்டில் கடை கேலீன் கையில் சேர வேண்டும். ஐம்பது படகுக்குத்தான் இடம். ஒரு வருடம் விட்டால் வேறு எவனாவது உள்ளே வந்துவிடுவான், அப்புறம் நாம் வாலில் போய் நிற்க வேண்டும். பதினாலு வருடமாகப் பிடித்து வைத்திருக்கும் இடம். காகித மில் வேலை முடிந்த பிறகு எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வேறு ஜோடி சேர்த்துக்கொள்ளலாமே என்று கேலீன் கேட்டாள். எனக்கு வேறு யாரோடும் படகில் உட்கார்ந்து பழக்கமில்லை.

போன வருடம் நீ செய்ததை நான் மறக்கவில்லை. எடைபோடுகிற மேடையில், இருநூறு பேர் முன்னால், மைக்கைப் பிடித்து "எங்க மாப்ள கோத்துக் குடுத்த ரப்பர் மீனு மல்லாக்கப் படுத்துக்கிட்டே நீந்துச்சுங்க" என்று சொன்னாய். இன்று வரைக்கும் ஊரில் என் பெயர் 'மல்லாக்க ராய்ஸ்'. சர்ச்சில் பாதிரியார்கூட ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

கையெழுத்தைப் போட்டு அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

ராய்ஸ்

~

இழுவைப்படகு 'மிஸ் ஓரா', டென்னசி ஆறு
ஜனவரி 15, 2009

திருவாளர் ராய்ஸ் டிட்மோர் அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் மளிகை மூட்டையோடு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் இருப்பது பன்றிக் குழம்புக் கறை. எங்கள் சமையல்காரி பிஸ்கட்டை அதன் மேல் வைத்துவிட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

வேறெதுவும் எழுத வேண்டாமாமே? நன்றாக எழுதுவேன். பதினைந்து சரக்குப் பார்ஜைத் தள்ளிக்கொண்டு மணிக்கு ஐந்து மைல் போகிற படகில் எனக்கு வேறென்ன வேலை? உன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் இந்த முறை லீவுகூட எடுக்காமல் இரட்டை ஷிப்ட் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கடைசி நாள், மதியம் ஒன்றரை மணி. சிமெண்ட் பாலத்துக்குப் பக்கத்துப் பாசித் திட்டு. நீயே உன் கையால் முள் கோத்து, இரையாக என் தூண்டில் கோலில் கட்டிக் கொடுத்த ரப்பர் மீன். மூன்றாவது வீச்சில் அடித்தது. ஒன்பது பவுண்டுக்கு ஒரு அவுன்ஸ் குறையாது. படகுக்குப் பத்தடியில் எகிறி, தலையை ஒரு உதறு உதறியது. முள் தெறித்து என் தொப்பியில் வந்து அடித்தது. நாம் நாலாவது இடம். அந்த மீன் இருந்திருந்தால் முதலிடம். ஏன் தெறித்தது? முள் முதுகின் நடுவில் வராமல் ஒரு பக்கமாக வந்திருந்தது. உதட்டு ஓரத் தோலில் மட்டும் மாட்டியது.

ஒரே ஒரு வரி எழுது: "முள்ளைக் கோணலாகக் கோத்தது நான்தான்." அடுத்த நிமிடம் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்பது மாதமாக இதைத்தான் கேட்கிறேன்.

லமார் கேகிள்

~

கேன் ஃபோர்க்
ஜனவரி 22, 2009

லமாருக்கு,

எழுத முடியாது. போ.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து முள் கோக்கிறேன். உன் கல்யாணத்தன்று காலையில்கூட நாம் இரண்டு பேரும் நான் கோத்த முள்ளில்தான் மீன் பிடித்தோம். அன்றைக்குக் கோணல் இல்லை, போன வருடம் மட்டும் கோணலா? நீ தூண்டில் நரம்பைத் தொய்யவிட்டாய், அதுதான் நடந்தது. பெரிய மீன் எகிறும்போது கோலைத் தாழ்த்த வேண்டும். நீ கொடிக்கம்பம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஐயையோ ராய்ஸு! ஐயையோ ராய்ஸு!" என்று குதித்தாய். படகு ஆடிய ஆட்டத்தில் என் காபி கொட்டியது. அதை மட்டும் மைக்கில் சொன்னாயா?

அந்த ரப்பர் மீனை என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? கேலீன் அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டு, கீழே என் பெயரையும் எழுதிவைத்திருக்கிறாள். நாலு ஈயத்தலை முள் வாங்கப் போனால், "என்ன மாமா, இது நேரா நீந்தணுமா, மல்லாக்க நீந்தணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருகிறாள். எல்லாம் உன் வாயால் வந்த வினை.

விண்ணப்பத்தை மறுபடி வைத்திருக்கிறேன். குழம்புக் கறையை நடீன் மாவு தூவி எடுத்தாள். எழுத்தை இவ்வளவு பொடியாக எவன் அச்சடிக்கிறானோ தெரியவில்லை, அவள்தான் படித்துச் சொன்னாள். கோடு கீழே இருக்கிறது. போடு.

நான் முள் கோக்கிற ஷெட்டில் விளக்கு வேறு மங்கல். இரண்டு முறை பல்பு மாற்றிவிட்டேன், இப்போதெல்லாம் விற்கிற பல்பு ஒன்றும் சரியில்லை.

ராய்ஸ்

~

'மிஸ் ஓரா', பிக்விக் அணைக்குக் கீழே
பிப்ரவரி 1, 2009

மாப்பிள்ளை,

உன் எழுத்து இப்போது பக்கத்துக்கு எட்டு வரி என்று ஆகிவிட்டது. என் அறையில் இருக்கிறவன், "என்ன சார், சின்னப் புள்ள யாராச்சும் எழுதுறாங்களா?" என்று கேட்டான்.

அணையில் படகை ஏற்றி இறக்குகிற லாக் மதகு திறக்க ஏழு மணி நேரம் காத்திருக்கிறோம். கையில் கிடைத்த தாளில் உனக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கவனமாகப் பார்.

முதலில் எதை எடுப்பது. ஏப்ரல் முதல் வாரம் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கும். ஏரியில் ஷாட் என்கிற பொடிமீன் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் போதும். ஐந்து அங்குலம். நீ எட்டு அங்குலம் வாங்கி வைத்திருப்பாய், பெரியதைப் பார்த்தால் உனக்குக் கை சும்மா இருக்காது. தெளிந்த தண்ணீருக்குச் சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. கலங்கியிருந்தால் மட்டும் மஞ்சள். பாசிக்கு மேலே இழுக்க வயிற்றில் ஈயம் வைத்த அகல முள். பாறை முனைக்கு ஈயத்தலை முள்.

அப்புறம் கோப்பது. முள்ளை ரப்பர் மீனின் பக்கவாட்டில் வைத்து அளந்து பார். முள் முனை எங்கே வெளியே வர வேண்டுமோ அங்கே பேனாவால் புள்ளி வை. நீ கட்டை விரலால் தடவிப் பார்த்துக் குத்துகிறாயே, அது கூடாது. மூக்கின் நடுவில் குத்தி, முதுகின் நடுக்கோட்டில் எடு. நெல் அளவு விலகினாலும் போதும், மெதுவாக இழுக்கும்போது ஒன்றும் தெரியாது, வேகம் கொடுத்தால் புரண்டு படுத்துவிடும். வாலை மடித்துப் பெட்டியில் திணிக்காதே. மடங்கியிருந்தால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடு.

என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் குளியல் தொட்டியை நிரப்பு. புதிதாக ஒன்று கோத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகமாக இழு. புரளும். புதிதாகக் கோக்க வேண்டும், கேட்டுக்கொள். போன வருடத்துப் பெட்டியைத் தொடாதே.

புரண்டதும் அந்த ஒரு வரியை எழுது.

லமார்

~

கேன் ஃபோர்க்
பிப்ரவரி 9, 2009

அடப்பாவி,

நீ படம் போட்டிருப்பது எதன் பின்பக்கம் என்று பார்த்தாயா? விண்ணப்பத்தின் பின்பக்கம்! அம்புக்குறி போட்டு, 'இங்கே குத்து' என்று எழுதி, பேனா மை முன்பக்கம் வரைக்கும் ஊறி, என் கையெழுத்தின் மேல் ஒரு மீன் வால் தெரிகிறது. இதைக் கொண்டுபோய்க் கேலீனிடம் எப்படிக் கொடுப்பது? இனி அவளிடம் போய் இன்னொன்று கெஞ்ச வேண்டும்.

போகட்டும். இப்போது உன் மூக்கு உடையப்போகிறது, பிடித்துக்கொள்.

பழைய பெட்டியைத் தொடாதே என்று நீ எழுதியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் தொடக் கூடாது? அதில் இருப்பதெல்லாம் போன வருடப் போட்டிக்கு நான் கோத்தவை. பதினேழு இருந்தன. தொட்டியை நிரப்பி ஒவ்வொன்றாக இழுத்தேன். பதினேழும் நேராகப் போயின! நூல் பிடித்தது போல நேராக! வேகமாக இழுத்தேன், இன்னும் வேகமாக இழுத்தேன், ஒன்றுகூடப் புரளவில்லை. குளியலறை முழுக்கத் தண்ணீர். நடீன் வந்து, "அறுபத்திரண்டு வயசுல தொட்டியில பொம்ம மீன வுட்டு விளையாடுற ஆம்பளயக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கண்டுகொள்ளவில்லை. கோணலாகக் கோக்கிறவன் பதினேழை நேராகக் கோப்பானா? பதில் சொல் பார்க்கலாம்.

இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

பிப்ரவரி 10

சேர்க்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நடீன் மீன்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, "ஏங்க, இது எல்லாத்துலயும் முதுகுல ரெண்டு ரெண்டு ஓட்ட இருக்கே, அப்படித்தான் விக்கிறானா?" என்று கேட்டாள்.

"ரெண்டா? ஒண்ணுதான் இருக்கும், நல்லாப் பாரு" என்றேன்.

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். நடுவுல ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல, இடப்பக்கமா ஒண்ணு."

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அப்போதும் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பதினேழிலும் அப்படியே.

உடனே புதிதாக மூன்று கோத்தேன், வழக்கம் போலக் கட்டை விரலால் அளந்து. தொட்டியில் இழுத்தேன். மூன்றும் புரண்டு படுத்தன.

இன்று காலை கேலீன் கடைக்குப் போய் ஆணியில் தொங்குவதை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். "என்ன மாமா, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டப் போறீங்களா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விரலால் தடவினேன். ஒரே ஓட்டை. இடப்பக்கம்.

லமார், என் பெட்டியில் கை வைத்தவன் நீதான். வேறு யாருக்கும் அந்தப் படகில் ஏற அனுமதி இல்லை. எத்தனை நாளாக இதைச் செய்கிறாய்? எல்லாவற்றையும் மாற்றியவன் அந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டாய்? வேண்டுமென்றே விட்டாயா, மைக்கில் பேசுவதற்கு?

பதில் எழுது. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் எழுதாதே.

ராய்ஸ்

~

'மிஸ் ஓரா'
பிப்ரவரி 17, 2009

மாப்பிள்ளை,

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற பிறவியா நீ? அப்படி எழுதியது என் புத்திகெட்டதனம்.

மூன்று வருடமாகச் செய்கிறேன். 2006 வசந்தத்தில் முதல் முறை பார்த்தேன், நீ கொடுத்த மீன் புரண்டது. சரி, ஒன்று தப்பிவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததும் புரண்டது. நீ முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு படகை அடுத்த இடத்துக்கு விரட்டுகிறபோது, நான் பின்னால் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோத்தேன். என்ன செய்கிறாய் என்று நீ கேட்டபோது, ஷூ கயிறு கட்டுகிறேன் என்றேன். மூன்று வருடமாக ஷூ கயிறு கட்டுகிறேன், உனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னிடம் சொல்ல முடியுமா? அந்த வருடம் தாங்ஸ்கிவிங் விருந்தன்று நடீன், "ஒரு தடவ கண் டாக்டரப் பாத்துட்டு வாங்களேன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். கையில் இருந்த பெக்கான் பலகாரத்தைத் தட்டோடு வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டவன் நீ. உங்கப்பா கண் தெரியாமல் பத்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, அந்தப் பயம் உனக்கு. எனக்குத் தெரியாதா? உன் கையில் இருந்து முள்ளையும் பிடுங்கிவிட்டால் நீ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவாய் என்று நான் பயந்தேன். அதுதான் உண்மை.

கடைசி நாள் விஷயம். அன்றைக்கு அந்த ரப்பர் மீனை நீ என் கோலிலேயே கட்டிவிட்டாய். கட்டிவிட்டு முன்னால் போகாமல் அங்கேயே நின்றாய். "வீசு மச்சான், இதுல விழும் பாரு" என்றாய். முள் கோணல் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. உன் கண் முன்னால் எப்படிக் கழற்றுவேன்? உன் முகத்தைப் பார்த்தேன், கழற்ற மனசு வரவில்லை. வீசிவிட்டேன்.

அப்புறம் அந்தச் சனியன் பிடித்த மீன் அடித்துத் தொலைத்தது. வேறு எதிலாவது அடித்திருக்கக் கூடாதா? ஒன்பது பவுண்டு, மாப்பிள்ளை! என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய மீன். மேடை ஏறியபோது எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் நீ, நான் நரம்பைத் தொய்யவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

அந்த ஒரு வரி இனி எனக்கு வேண்டாம். கண்ணைப் போய்க் காட்டு. அது போதும். நடீனுக்கும் எழுதியிருக்கிறேன், அதனால் தப்பிக்கப் பார்க்காதே.

லமார்

~

கேன் ஃபோர்க்
மார்ச் 3, 2009

மச்சான்,

நடீன் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பாதியில் அழுதாள், பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். "எங்க அண்ணன் வாய் இருக்கே, அது ஊரக் கூட்டும். ஆனா சொல்ல வேண்டியத மட்டும் மூணு வருசம் மூடி வச்சிருக்கும்" என்றாள். எனக்குக் கிடைத்த திட்டை எழுத முடியாது.

கண்ணில் புரை. இரண்டிலும். அப்பாவுக்கு இருந்தது வேறு நோயாம், இது அது இல்லையாம். டாக்டர் பொண்ணு, "இத்தன வருசம் எப்படிங்க ட்ரக் ஓட்டுனீங்க?" என்று கேட்டாள். போன வாரம் இடது கண்ணில் எடுத்துவிட்டார்கள். இருபது நிமிட வேலை. இதற்கா மூன்று வருடம் ஷெட்டில் ஒளிந்துகொண்டேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. வலது கண் மே மாதம்.

கட்டைப் பிரித்ததும் முதலில் என்ன தெரிந்தது தெரியுமா? சமையலறைச் சுவர் மஞ்சள் இல்லை, வெள்ளை. அப்புறம் ஷெட்டுக்குப் போனேன். பல்பு நல்ல பல்புதான்.

நீ கேட்ட வரி இதோ. வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுகிறேன்: முள்ளைக் கோணலாகக் கோத்தது நான்தான். இதையே சனிக்கிழமை கேலீன் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் நீ கோலைத் தூக்கித்தான் பிடித்தாய். அதை நான் கடைசி வரைக்கும் சொல்வேன்.

புது விண்ணப்பம் வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதில் படம் போடாதே. கூடவே சின்ன டப்பாவில் ஒரு ரப்பர் மீன் இருக்கிறது. ஐந்து அங்குலம், சாம்பல் முதுகு, வயிற்றில் ஈயம். ஒரு கண்ணால் பார்த்து, பேனாவால் புள்ளி வைத்து நானே கோத்தேன். தொட்டியில் இழுத்துப் பார்க்கவில்லை. நடீன் தொட்டிப் பக்கம் விடமாட்டேன் என்கிறாள்.

சரியில்லை என்றால் கழற்றிக் கோத்துக்கொள். இனிமேல் ஷூ கயிறு கட்ட வேண்டியதில்லை, என் கண் முன்னாலேயே செய்யலாம்.

ராய்ஸ்

~

'மிஸ் ஓரா'
மார்ச் 9, 2009

மாப்பிள்ளை,

கையெழுத்துப் போட்டாயிற்று. படம் எதுவும் போடவில்லை, திருப்பிப் பார்த்துக்கொள். 28ஆம் தேதி இறங்குகிறேன். நேராக அங்கேதான் வருகிறேன். நாய்க்குச் சொல்லி வை, கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் ரப்பர் மீனைச் சமையல்காரியிடம் அண்டா வாங்கி, தண்ணீர் நிரப்பி இழுத்துப் பார்த்தேன். மெதுவாக இழுத்தால் பரவாயில்லை. வேகம் கொடுத்தால் இப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது. இன்னொரு கண்ணும் வரட்டும், பார்க்கலாம்.

கோலை நான் தூக்கிப் பிடித்தேன் என்பது பச்சைப் பொய். நேரில் பேசிக்கொள்ளலாம்.

மீனை அதே டப்பாவில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். போட்டியன்று காலையில் அதை என் கோலில் நீயே கட்டு. முதல் வீச்சு அதில்தான் வீசுவேன். இப்போது ஜன்னல் பக்கம் கொண்டுபோய், அதன் முதுகில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று உன் கண்ணாலேயே எண்ணிப் பார்.

லமார்